சாந்திநிகேதனத்துச் சித்திரக்காரரின் இல்லம்

நமது அரசியல் சாசனத்தின் ஆங்கில மூலப்படி கையால் எழுதப்பெற்றது. பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா என்னும் எழுத்துக் கலைஞர் அதனை எழுதினார். 1950ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர்கள் கையொப்பமிட்ட அப்பெரிய ஏட்டில் எழுத்துக்கு நிகராகச் சித்திரங்களும் இடம் பெற்றுள்ளன. அச்சித்திரங்களைத் திட்டமிட்டுத் தீட்டுவித்தவர் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் தலைவராக விளங்கிய நந்தலால் போஸ். அவருடன் உழைத்த கலைஞர்களின் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் அவருடைய புதல்வியர் கௌரி பஞ்சா, யமுனா சென், புதல்வர் விஸ்வரூப் போஸ், மருமகள் நிவேதிதா போஸ் ஆகியோர் அதில் இருக்கக் காண்கிறோம்.

ஒரு குடியரசின் தலையாய நூலை ஒரு குடும்பத்தாரும் அவர்தம் மாணாக்கரும் கூடி அழகுபடுத்தினர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தியன்றோ? அக்கைகள் பழகிய இடம் தலைநகரத்து மாளிகை எதுவும் அன்று. வங்கத்தின் வீர்பூம் மாவட்டத்தில், செம்மண் பூமியில், மரநிழலும் வீட்டு முற்றமுமே அவற்றுக்குப் பயிற்சிக்கூடமாக இருந்தன. அந்த இல்லத்தின் கதையைச் சிறிது விரிவாக அறிதல் நலம். பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து காலனிகளில் வாழும் நம்மனோர்க்கு அதில் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு.

பொம்மை செய்த தாய்

நந்தலால் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் பிறந்தார். வங்காளிக் குடும்பத்தினராயினும் அவர் பிறந்த ஊர் பிஹாரின் முங்கேர் மாவட்டத்திலுள்ள கரக்பூர். தந்தை பூர்ணசந்திர போஸ் தர்பங்கா சமஸ்தானத்தின் பணியில் இருந்தமையால் அக்குடும்பம் அங்கே வாழ்ந்தது. வேலையை முன்னிட்டு வேற்றுமொழி வழங்கும் ஊரில் குடியேறிய குடும்பம் என்றால், அதன் நிலையை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. வீட்டுக்குள் ஒரு மொழியும் வாசலைத் தாண்டினால் வேறு மொழியுமாக வளரும் பிள்ளைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

தாயார் க்ஷேத்திரமணி தேவி கையில் கிடைத்ததைக் கொண்டு பிள்ளைகளுக்குப் பொம்மைகளும் விளையாட்டுப் பொருள்களும் செய்து தருவதில் வல்லவர். தெருவிலோ, குயவர்கள் மண்ணைப் பிசைந்து உருவங்கள் ஆக்கும் காட்சி. இவ்விரண்டையும் கண்டு வளர்ந்த சிறுவனுக்குக் கலை என்பது தனியே ஒரு கூடத்தில் பூட்டி வைக்கப்படும் பொருளாகத் தோன்றவில்லை. சோறு ஆக்குவதும் பொம்மை செய்வதும் ஒரே கையின் தொழிலாக அவன் கண்ணுக்குப் பட்டன. பின்னாளில் அவர் கொண்ட கொள்கை அனைத்துக்கும் வித்து இங்கேயே விழுந்தது எனலாம்.

பதினைந்தாம் வயதில் கல்வியின் பொருட்டுக் கல்கத்தா சென்றார். 1903இல் சுதீரா தேவியை மணந்தார். குடும்பத்தினரின் விருப்பப்படி கல்லூரியில் சேர்ந்தார், தேறவில்லை. வேறு கல்லூரிக்கு மாறினார், அங்கும் தேறவில்லை. 1905இல் பிரெசிடென்சி கல்லூரியில் வணிகவியல் வகுப்பிலும் அமர்ந்து பார்த்தார். மணமான இளைஞன் தேர்வுகளில் மீண்டும் மீண்டும் தோற்றால் இருவீட்டுப் பெரியோரும் எவ்வளவு கலங்குவர் என்பதை நாம் அறிவோம். இறுதியில் வீட்டாரை இணங்கச் செய்து அரசாங்கச் சித்திரப் பள்ளியில் சேர்ந்து, அவனீந்திரநாத தாகூரின் மாணவர் ஆனார். அதன்பின் அவருக்குத் தோல்வி என்பதே இல்லை.

ஏடுகளில் ஏறிய சித்திரம்

சகோதரி நிவேதிதையின் ஊக்கத்தால் 1909ஆம் ஆண்டின் இறுதியில் அஜந்தா சென்று, ஹெர்ரிங்ஹாம் அம்மையாரின் தலைமையில் அங்குள்ள சுவர்ச் சித்திரங்களைப் படியெடுக்கும் பணியில் ஈடுபட்டார். உடன் சென்றவர்களுள் மைசூர் வெங்கடப்பாவும் ஒருவர். குகையின் மங்கிய ஒளியில், பல நூற்றாண்டுகளுக்கு முன் பெயர் பொறிக்காமல் மறைந்த ஓவியர்களின் கோடுகளைத் தொடர்ந்து சென்ற அனுபவம் அவருடைய கையை உருவாக்கியது.

நிவேதிதையும் ஆனந்த குமாரசாமியும் எழுதி 1913இல் வெளிவந்த இந்து, பௌத்த புராணக் கதைகளின் ஆங்கிலத் தொகுப்பு நூலுக்குச் சித்திரம் வரைந்தவர்களுள் நந்தலால் முக்கியமானவர். ஈழத்துத் தமிழர் குடும்பத்தில் தோன்றிய குமாரசாமியின் எழுத்தும், பிஹாரில் பிறந்த வங்காளியின் தூரிகையும் ஒரே நூலில் சந்தித்தன. நூலுக்குப் படம் வரைபவர் என்னும் நிலையில் நாடு முழுவதும் அவர் பெயர் பரவத் தொடங்கியது. கல்கத்தாவிலேயே இருந்திருப்பாரானால் புகழும் வருவாயும் தாமே வந்து சேர்ந்திருக்கும்.

நகரை விட்டுச் செம்மண்ணுக்கு

கல்கத்தாவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், போல்பூரை அடுத்து உள்ளது சாந்திநிகேதனம். 1863இல் தேவேந்திரநாத தாகூர் ஆசிரமமாகத் தொடங்கிய அவ்விடத்தில் 1901இல் ரவீந்திரநாதர் ஒரு பள்ளியை நிறுவினார். 1919இல் கலாபவனம் தோன்றியது. நந்தலால் அங்கே வந்தார். கல்கத்தாவில் அவனீந்திரரின் கலைச் சங்கம் அழைக்கவே சிறிது காலம் திரும்பிச் சென்றார். 1920இல் மீண்டும் வந்து நிலைத்துவிட்டார். 1922 முதல் 1951 வரை கலாபவனத்தின் தலைமைப் பொறுப்பு அவருடையது. மாணவர் அனைவர்க்கும் அவர் 'மாஸ்டர் மோஷாய்'. நம் வழக்கில் 'வாத்தியாரையா' என்று சொல்லலாம்.

அந்நாளைய சாந்திநிகேதனத்தைச் சோலையென்று கற்பனை செய்துகொள்ளலாகாது. மழைநீர் அரித்து ஓடிய செம்மண் பள்ளங்கள். அவற்றை அவ்வூரார் 'கோயாய்' என்பர். கோடையில் அனல்காற்று, கோபாய் ஆற்றில் மழைக்காலத்தில் மட்டும் மிகுந்த நீர், ஆங்காங்கே பனையும் சால மரமும், அப்பால் சந்தால் மக்களின் சிற்றூர்கள். நகரத்து ஓவியர் வரைவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். நந்தலாலுக்கோ புராணக் கதைகளில் தேடிய அழகு இங்கே ஏர் ஓட்டுபவனிடத்தும், தலையில் சுமையுடன் சந்தைக்குச் செல்லும் பெண்ணிடத்தும், நிழலில் அசைபோடும் எருமையிடத்தும் கிடைத்தது. இளமையில் தேவர்களை வரைந்தவர் நடுவயதில் மனிதர்களை வரையத் தொடங்கினார்.

அவர் வழக்கம் ஒன்று குறிப்பிடத்தக்கது. தபால் அட்டை அளவுள்ள சிறு அட்டைகளில் கண்டதையெல்லாம் வரைந்துகொண்டே இருப்பார். செடி, ஆடு, நண்டு, மழை மேகம், வண்டிக்காரன் எதுவும் விலக்கில்லை. மாணவருக்கும் நண்பருக்கும் எழுதும் கடிதங்கள் பலவும் இத்தகைய சித்திர அட்டைகளாகவே சென்றன. குளிர்காலத்தில் மாணவரைக் கூட்டிக்கொண்டு வெளியூர்களில் கூடாரம் அடித்துத் தங்குவார். சமையலும் சித்திரமும் ஒருங்கே நடக்கும்.

மாணவருக்கு அவர் கற்பித்த முறையும் இயற்கையை ஒட்டியது. மரம் வரையும்போது அடியிலிருந்து மேல்நோக்கிக் கோட்டை இழுக்க வேண்டும், மரம் அவ்வாறுதானே வளர்கிறது என்று அவர் கூறியதாக அவருடைய மாணவர் சத்யஜித் ராய் நினைவுகூர்ந்துள்ளார். 1940இல் அங்கே சேர்ந்து 1942இல் வெளியேறிய ராய், திரைப்படத்துக்கு வருமுன் நூல்களுக்குப் படம் வரைந்தவர் என்பதையும், 'பதேர் பாஞ்சாலி'யின் சிறுவர் பதிப்புக்கு அவர் வரைந்த படங்களே பின்னர் அத்திரைப்படத்திற்கு அடிகோலின என்பதையும் இங்கே நினைத்தல் தகும்.

முற்றத்து ஓவியம்

நந்தலாலின் இல்லத்தில் பெண்மக்களும் கலைக்கு உரியவர்களாகவே வளர்ந்தனர். 1926இல் ரவீந்திரரின் 'நடீர் பூஜா' நாடகம் சாந்திநிகேதனத்தில் முதன்முதல் அரங்கேறியபோது, புத்தர்பிரான்முன் நடனமாடி உயிர் துறக்கும் நங்கையாக ஆடியவர் மூத்த மகள் கௌரி. மறு ஆண்டு கல்கத்தாவிலும் அந்நாடகம் நடைபெற்றது. நற்குடிப் பெண்கள் மேடையேறி ஆடுவதைப் பலரும் பழித்த காலம் அது. பழிச்சொல்லுக்கு அஞ்சி அத்தந்தை மகளை நிறுத்திவிடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின், 1942இல், சீனபவனத்தின் சுவரில் அதே நாடகத்தை அவர் பெருஞ்சித்திரமாகத் தீட்டினார்.

அந்நாளில் வங்கத்துப் பெண்கள் விரத நாட்களில் வீட்டுத் தரையில் அரிசிமாவால் 'ஆல்பனா' எழுதுவது வழக்கமாக இருந்தது. ஊறவைத்து அரைத்த மாவைக் கரைத்து, சிறு துணியை அதில் தோய்த்துக் கையில் அடக்கி, விரல்வழியே ஒழுகவிட்டு எழுதுவர். நம் இல்லங்களில் கல்யாண நாளன்று பாட்டிமார் இடும் மாக்கோலமும் இவ்வாறே இடப்படுவதன்றோ? புள்ளி வைத்து அதனைக் கோட்டால் வளைப்பது நம் கோலத்தின் இலக்கணம்; தாமரையும் கொடியும் இலையுமாகத் தங்குதடையின்றிப் படர்வது ஆல்பனாவின் இயல்பு. கையும் மாவும் ஒன்றே, வடிவம்தான் வேறு.

படித்தவர் பலர் இதனைக் கிழவிகளின் பழக்கம் என்று ஒதுக்கிய வேளையில், கலாபவனம் அதனைப் பாடமாகவே ஏற்றுக்கொண்டது. சுகுமாரி தேவி என்னும் முதிய விதவை ஒருவர் ஆல்பனாவும் தையற்கலையும் கற்பிக்க அங்கே இடம் பெற்றார். பட்டம் பெறாத பாட்டியை ஆசிரியையாக அமர்த்திய கலைக்கூடங்கள் அந்நாளில் எத்தனை இருந்திருக்கும்? அவருக்குப் பின் கௌரியும் யமுனாவும் அக்கலையை வளர்த்தனர். 1928இல் தொடங்கிய மரநடு விழா, ஏர்பூட்டு விழா, மழைவிழா, வசந்த விழா ஆகிய ஒவ்வொன்றுக்கும் சாந்திநிகேதனத்துத் தரை புதுக்கோலம் பூண்டது. வீட்டுக்குள் நான்கு சுவருக்கிடையே இருந்த கலை ஊர்ப்பொதுவுக்கு வந்தது. எனினும் அது வீட்டுப் பெண்களின் கையை விட்டு நீங்கவில்லை.

குழந்தையின் முதற் புத்தகம்

1930ஆம் ஆண்டு நந்தலாலின் வாழ்வில் சிறப்புடையது. அவ்வாண்டு காந்தியடிகள் உப்புக்காகத் தண்டிக்கு நடந்தார். கையில் கோலூன்றி நடக்கும் அண்ணலை, கறுப்பு வெள்ளை இரண்டே நிறத்தில் நந்தலால் அச்சுச் சித்திரமாக்கினார். லினோலியத் தகட்டில் வேண்டாத பகுதியைச் செதுக்கி நீக்கி, எஞ்சிய பகுதியில் மை தடவி அச்சிடும் முறை அது. இன்றும் தண்டி யாத்திரை என்றவுடன் பலர் மனக்கண்ணில் தோன்றுவது அவ்வுருவமே.

அவ்வாண்டிலேயே ரவீந்திரர் வங்கக் குழந்தைகளுக்கு எழுதிய 'ஸஹஜ் பாட்' என்னும் அரிச்சுவடி வெளிவந்தது. அதற்குப் படங்கள் அமைத்தவரும் நந்தலாலே. அதே லினோலிய முறை. அதே கறுப்பு வெள்ளை. நாட்டுப்புறத்து அன்றாடக் காட்சிகளே பாடப்படங்கள் ஆயின. நோபல் பரிசு பெற்ற கவி எழுத்து கற்பிக்க முன்வந்ததும், நாடறிந்த ஓவியர் அதற்குப் படம் செதுக்க அமர்ந்ததும் வியப்புக்குரியவை. குழந்தையின் புத்தகந்தானே என்று இருவரும் கைக்குறை வைக்கவில்லை. குழந்தை முதலில் காணும் சித்திரம் செம்மையாக இருத்தல் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். வங்கத்தில் எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் அதைக்கொண்டே எழுத்தறிந்தனர்.

வழிப்போக்கருக்கு ஒரு கண்காட்சி

1938 பிப்ரவரியில் குஜராத்தின் ஹரிபுரா கிராமத்தில் காங்கிரஸ் மகாசபை கூடியது. சுபாஷ் சந்திர போஸ் தலைமை வகித்தார். பந்தலை அலங்கரிக்குமாறு காந்தியடிகள் நந்தலாலைப் பணித்தார். கிராமத்தார் நடந்துபோகும் வழியிலேயே கலை அவர்கள் கண்ணில் படவேண்டும் என்பது அண்ணலின் விருப்பம். நந்தலாலும் மாணவரும் ஏறத்தாழ நானூறு சித்திரங்களை உருவாக்கினர். அவற்றுள் எண்பதுக்கு மேற்பட்டவை அவரே வரைந்தவை. கைக்காகிதத்தில், மண்வண்ணங்களால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டடி அளவில் அமைந்தன. மத்தளம் கொட்டுபவன், செருப்புத் தைப்பவன், மல்லன், நெல் குற்றும் பெண், குழந்தையை ஏந்திய தாய் ஆகியோரே அச்சித்திரங்களின் நாயகர்கள். பெருந்தலைவர்கள் கூடிய பந்தலின் வாயிலில் அன்றாடம் உழைப்பவரின் உருவங்களே வரவேற்று நின்றன. சாந்திநிகேதனத்தில் பதினெட்டு ஆண்டுகள் அட்டைகளில் வரைந்து பழகிய கை இல்லையேல் இத்துணை விரைவும் உயிர்ப்பும் கைகூடியிரா.

நாட்டுப்புற வாழ்வின் இனிமையை மட்டுமே அவர் கண்டார் என்று எண்ணுதல் தவறு. 1943இல் வங்கத்தைப் பெரும்பஞ்சம் வாட்டி இலட்சக்கணக்கானோர் மாண்டபோது அவர் 'அன்னபூரணி'யை வரைந்தார். அன்னம் பாலிக்கும் தேவியின்முன் சிவபிரான் எலும்புருவாய் நிற்கிறார். தெய்வத்தையே பசித்த குடியானவனாகக் கண்ட கண் அது.

சாசனத்தில் தமிழகம்

அரசியல் சாசனத்தை அலங்கரிக்கும் பொறுப்பு வந்தபோது நந்தலாலுக்கு வயது அறுபத்தைந்தைக் கடந்துவிட்டது. ஒருவர் கையால் முடியும் காரியமும் அன்று அது. எனவே விழாவுக்கு ஆல்பனா எழுதுவதுபோல எல்லோரும் சேர்ந்தே அதனைச் செய்தனர். முகப்புரைப் பக்கத்தின் அலங்காரம் ஜபல்பூரைச் சேர்ந்த பேவ்ஹார் ராம்மனோகர் சின்ஹாவின் கைத்திறன். அசோகச் சிங்க முத்திரையை வரைந்த இளைஞர் தீனாநாத் பார்கவா, உயிருள்ள சிங்கத்தை அறிய விலங்குக் காட்சிச்சாலைக்குச் சென்று பார்த்துப் பயின்றார். அக்குழுவினருள் பெருமாள் என்ற பெயரையும் காண்கிறோம்.

இருபத்திரண்டு பகுதிகளின் தலைப்பிலும் சித்திரங்கள் உள. மொகஞ்சதாரோவின் காளை முத்திரையில் தொடங்கி, வேதகாலத்து ஆசிரமம், இராமபிரான், கண்ணன், புத்தர், மகாவீரர், அசோகர், நாலந்தா, அக்பர், சிவாஜி, குரு கோவிந்த சிங், திப்பு சுல்தான், ஜான்சி ராணி, காந்தியடிகள், நேதாஜி என்று வரலாறு நடைபோடுகிறது. பன்னிரண்டாம் பகுதியில் ஆடவல்லான் திருவுருவம். அடுத்த பதின்மூன்றாம் பகுதியில் மாமல்லபுரத்துப் பாறையில் பல்லவர் வடித்த தவக்காட்சி. சோழரின் செம்பும் பல்லவரின் கல்லும் வங்கத்துச் செம்மண்ணில் வாழ்ந்தோரின் தூரிகையால் பாரதத்தின் பொதுச் சொத்தாயின. இறுதிப் பகுதிகளில் மன்னரும் இல்லை, தலைவரும் இல்லை. இமயமும் பாலையும் கடலுமே உள்ளன. முடிவில் நிலத்தையே வணங்கி நிறுத்துகிறது அவ்வேடு.

கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் 1924இல் பிறந்த கே. ஜி. சுப்ரமணியன் என்பவரையும் நாம் மறத்தலாகாது. சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று, 1942 போராட்டத்தில் சிறை சென்று, 1944இல் நந்தலாலின் கலாபவனத்தை அடைந்தார் அவர். பின்னர் பரோடாவிலும் சாந்திநிகேதனத்திலும் ஆசிரியராக விளங்கினார்; குழந்தைகளுக்குச் சித்திரக் கதைகள் ஆக்கினார்; துணியிலும் பொம்மையிலும் சுவரிலும் கைவைத்தார். 2012இல் பத்மவிபூஷண் விருது பெற்று, 2016இல் மறைந்தார். பிற மாநிலங்களில் வாழ்ந்து அவ்விடங்களுக்குப் பெருமை சேர்த்த நம்மவர் வரிசையில் அவருக்கு உயரிய இடம் உண்டு.

நமக்கு உரியது

நந்தலால் 1954இல் பத்மவிபூஷண் பெற்றார். 1966 ஏப்ரல் 16ஆம் நாள் கல்கத்தாவில் இயற்கை எய்தினார். அவருடைய ஆக்கங்கள் ஏறத்தாழ ஏழாயிரம் தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளன. 2023இல் சாந்திநிகேதனம் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. இவையெல்லாம் பெருமைகளே. ஆயினும் கண்ணாடிப் பேழைக்குள் சென்றவற்றைக் காட்டிலும், விழா முடிந்த மறுநாள் காலடியில் அழிந்துபோன ஆல்பனாக்களின் எண்ணிக்கை எத்துணையோ மிகுதி. அவை அழிந்தன; அவற்றை எழுதிய கைகள் அழியவில்லை. தாயிடமிருந்து மகளுக்கும் ஆசிரியரிடமிருந்து மாணவருக்கும் சென்று கொண்டே இருந்தன. நாட்டின் சாசனத்துக்குச் சித்திரம் வேண்டும் என்று அழைப்பு வந்த நாளில் அக்கைகள் ஆயத்தமாக இருந்தன.

நம் காலனி வீடுகளில் இன்று முற்றம் இல்லை. மாடிக் குடியிருப்பின் வாசலுக்கு இரண்டடி அகலமே உண்டு. நேரம் இல்லாமையால் பலர் ஸ்டிக்கர் கோலம் ஒட்டிவிடுகிறோம். அதனைக் குறை கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. வேலைக்குச் செல்லும் பெண்ணின் விடியற்காலை எத்தகையது என்பதை யாவரும் அறிவோம். எனினும் ஒன்றைக் கருத வேண்டும். ஒட்டிய கோலம் வாசலை நிறைக்கும். ஒரு குழந்தையின் விரலுக்கு அது எதையும் கற்பியாது. தமிழ்நாட்டில் வளரும் பிள்ளை தெருவைப் பார்த்தேனும் கோலம் அறியும். இங்கே வளரும் பிள்ளைக்குத் தெரு அதைக் காட்டாது. வீடு காட்டினால்தான் உண்டு. இல்லையேல் ஒரு தலைமுறையில் அற்றுப்போம்.

ஆகவே கிழமைக்கு ஒரு நாளேனும், ஞாயிறு காலையிலேனும், பாட்டியோ தாயோ பிள்ளைகளை அமர்த்தி, ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல், ஏழு புள்ளிக் கோலம் ஒன்றை இடுவிப்பாராக. கோடு கோணலாயினும் குறையில்லை. கரக்பூரில் ஒரு தாய் கந்தலையும் களிமண்ணையும் கொண்டு செய்து தந்த பொம்மைகளுள் ஒன்றுகூட இன்று எஞ்சியிருக்குமா என்பது ஐயமே. அவற்றைக் கண்டு வளர்ந்த மகனின் சித்திரங்களோ நம் அரசியல் சாசனத்தில் நிலைபெற்றுள்ளன.